சொல்லும் கடமையும் கேட்கும் கடமையும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காபியோடு படியுங்கள். படிக்காமல் லைக் மட்டும் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்!

என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று கடலில் இருக்கிறீர்கள். ஒருவர் எண்ணெய்க் கப்பலில் அதிகாரி, ஒருவர் இன்ஜின் அறையில், இன்னும் இருவர் துறைமுக வேலையில். வகுப்பில் உங்களுக்குக் கடல் வரலாறு என்று நான் நடத்தியது என்ன? வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கியது, வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது, அவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் இருந்தது அது. ஆனால் கடலில் வேலை செய்கிற ஒவ்வொருவரையும் தினமும் தொடுகிற ஒரு வரலாறு இருக்கிறது. அது பாடப்புத்தகத்தில் வராது.

கடலில் ஒரு தவறு நடந்தால், அல்லது நடக்கப் பார்த்தால், அதை யார் சொல்ல வேண்டும்? யாரிடம் சொல்ல வேண்டும்? சொல்லாவிட்டால் சட்டப்படி யார் பொறுப்பு? இந்தக் கேள்விகளுக்கு உலகம் விடை கண்டுபிடித்த கதை அது. ஒவ்வொரு விடைக்கும் பின்னால் நூற்றுக்கணக்கான உயிர்கள் இருக்கின்றன.

முதல் விடை: கப்பல் தலைவர் சொல்ல வேண்டும்

டைட்டானிக் கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சினிமா பார்த்திருப்பீர்கள். சினிமாவில் அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன்.

1912 ஏப்ரல் 14 அன்று, முன்னால் பனிக்கட்டி இருக்கிறது என்று டைட்டானிக்குக் கம்பியில்லாத் தந்தி வழியாகப் பல எச்சரிக்கைகள் வந்தன. அன்றிரவு மெசாபா என்ற கப்பல் அனுப்பிய செய்தி மிக முக்கியமானது. டைட்டானிக் போய்க்கொண்டிருந்த பகுதியில் பெரிய பனிப்பாறைகள் இருப்பதாகச் சொன்ன செய்தி அது. அந்தச் செய்தி கப்பல் தலைவரிடமோ அதிகாரிகளிடமோ போய்ச் சேரவில்லை என்று பிரிட்டிஷ் விசாரணை முடிவுக்கு வந்தது. தந்தி அறையில் இருந்த இருவரும் மார்க்கோனி கம்பெனி ஆட்கள். பயணிகளின் தந்திகள் குவிந்து கிடந்தன. பக்கத்தில் நின்ற கலிபோர்னியன் கப்பல், பனியில் நின்றுவிட்டோம் என்று சொல்ல வந்தபோது, வேலையாக இருக்கிறேன், குறுக்கே வராதே என்று பதில் கிடைத்தது. கலிபோர்னியனின் தந்தி ஊழியர் கருவியை நிறுத்திவிட்டுத் தூங்கப் போனார். அதன் பிறகு கலிபோர்னியனின் மேல்தளத்தில் இருந்தவர்கள் வானத்தில் ராக்கெட்டுகளைப் பார்த்தார்கள். தந்தி ஊழியரை யாரும் எழுப்பவில்லை.

சுமார் 1,500 பேர் இறந்தார்கள்.

இரண்டு வருடத்துக்குள், 1914 ஜனவரியில், 13 நாடுகள் லண்டனில் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. கடலில் உயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தம். கடல்காரப் பிள்ளைகள் இன்றும் 'சோலாஸ்' என்று சொல்கிறீர்களே, அதன் மூத்த அண்ணன். ஆபத்தான பனியையோ, ஆளில்லாமல் மிதக்கும் கப்பலையோ பார்த்தால், அதைப் பக்கத்தில் இருக்கும் கப்பல்களுக்கும் கரையில் உள்ள அதிகாரிகளுக்கும் சொல்லியே ஆக வேண்டும் என்ற கடமை கப்பல் தலைவர் மேல் வந்தது. அதுவரை நல்ல மனசுக்காரர் செய்யும் உதவியாக இருந்தது, சட்டக் கடமையாயிற்று. முதல் உலகப்போர் வந்ததால் அந்த ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 1929-ல் மறுபடி எழுதினார்கள். அந்தக் கடமை மட்டும் இன்றைய சோலாஸிலும் அப்படியே தொடர்கிறது.

சொல்ல வேண்டியவர் கப்பல் தலைவர். சொல்ல வேண்டியது இயற்கையின் ஆபத்தை. பனி, புயல், மிதக்கும் கட்டை. இந்த விடை எழுபது ஆண்டுக்கு மேல் போதுமானதாகத் தோன்றியது. ஆபத்து கப்பலுக்கு உள்ளேயே, கம்பெனியின் அலுவலகத்துக்கு உள்ளேயே இருந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை.

1987 மார்ச் 6, மாலை

பெல்ஜியத்தில் ஜீப்ருகே என்று ஒரு துறைமுகம். அங்கிருந்து இங்கிலாந்தின் டோவருக்கு, 'ஹெரால்டு ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' என்ற கப்பல் புறப்பட்டது. காரும் லாரியும் ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்கும் வகைக் கப்பல். ரோ-ரோ என்பார்கள். முன்பக்கம், அதாவது அணியத்தில், பெரிய இரட்டைக் கதவு. அந்தக் கதவு மூடினால்தான் கப்பல், திறந்திருந்தால் அது மிதக்கும் கொட்டகை.

கப்பலில் சுமார் 459 பயணிகள், 80 ஊழியர்கள், 81 கார்கள், 47 லாரிகள், 3 பேருந்துகள். ஒரு பத்திரிகை ஒரு பவுண்டுக்குப் பயணச் சலுகை கொடுத்திருந்தது. குடும்பத்தோடு ஒரு நாள் பெல்ஜியம் போய் வந்தவர்கள் பலர் அதில் இருந்தார்கள். காற்று மெதுவாக வீசியது. கடலில் அலையே இல்லை.

மாலை 6 மணி 5 நிமிடத்துக்குப் புறப்பட்டது. 6.24-க்குத் துறைமுகத்தின் வெளிச் சுவரைத் தாண்டி வேகமெடுத்தது. சுமார் நான்கு நிமிடத்தில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. கதவு திறந்தே இருந்தது.

தண்ணீர் எப்படி இவ்வளவு பெரிய கப்பலைச் சில நிமிடத்தில் சாய்த்தது? ஒரு பெரிய தாம்பாளத்தில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி, கையில் எடுத்து நடந்து பாருங்கள். தண்ணீர் ஒரு பக்கம் ஓடும், நீங்கள் மறுபக்கம் சாய்ப்பீர்கள், அது இன்னும் வேகமாக அந்தப் பக்கம் ஓடும். கடைசியில் தாம்பாளம் கையை விட்டுப் போகும். கார் நிறுத்தும் தளம் முழுக்கத் தடுப்புச் சுவரே இல்லாத ஒரே கூடம். அதுதான் தாம்பாளம்.

இன்னொரு காரணமும் சேர்ந்தது. இந்தக் கப்பல் டோவர்–கலே வழித்தடத்துக்காகக் கட்டப்பட்டது. ஜீப்ருகேயின் வண்டிப் பாலம் அதன் மேல்தளத்துக்கு எட்டவில்லை. அதனால் அணியத்தில் இருந்த தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி, முன்பக்கத்தைத் தாழ்த்தி வண்டி ஏற்றுவார்கள். அந்தத் தண்ணீரை முழுதும் வெளியேற்றுவதற்குள் புறப்பட்டுவிடுவார்கள். அதனால் அன்றும் கப்பல் மூக்கைத் தாழ்த்திக்கொண்டுதான் போனது. வேகம் கூடக் கூட முன்னால் எழுந்த அலை நேராகக் கதவுக்குள் புகுந்தது.

கரைக்குப் பக்கத்திலேயே, ஆழமில்லாத இடத்தில் கப்பல் பக்கவாட்டில் படுத்தது. பாதி வெளியே தெரிந்தது. 193 பேர் இறந்தார்கள்.

வராதவர்கள் எல்லாம் கையைத் தூக்குங்கள்

கதவை மூட வேண்டியவர் துணைப் போசன். போசன் என்றால் மேல்தளத் தொழிலாளர்களுக்கு மேஸ்திரி மாதிரி, இவர் அவருக்கு உதவியாளர். ஜீப்ருகேயில் கதவைத் திறந்தார், சுத்தம் செய்யும் வேலையை முடித்தார், ஓய்வுக்குப் போனார், தன் அறையில் தூங்கிப்போனார். புறப்படும் அறிவிப்பு அவர் காதில் விழவில்லை. விசாரணையில் அவர் எதையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

அன்று மாலையே செய்தி கேட்ட உலகம் 'ஒருத்தன் தூங்கியதால் 193 பேர் செத்தார்கள்' என்று முடிவு கட்டியிருக்கும். நானும் அந்த வருஷம் செய்தித்தாளில் அப்படித்தான் படித்தேன். ஓய்வு பெற்ற பிறகு விசாரணை அறிக்கையைப் பற்றிப் படித்தபோதுதான் உண்மையான பாடம் புரிந்தது.

முதன்மை அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார். கதவு பாதுகாப்பாக இருப்பதைப் பார்ப்பது அவர் வேலை. அதே அதிகாரி, புறப்படுவதற்குக் கால்மணி நேரம் முன்பே மேலே ஓட்டும் அறையில் இருக்க வேண்டும் என்றும் உத்தரவு. ஒரே ஆள் ஒரே நேரத்தில் கீழேயும் மேலேயும் எப்படி நிற்பார்? துணைப் போசன் வருவதைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டு அவர் மேலே போய்விட்டார். கதவுக்குப் பக்கத்தில் கடைசியாக இருந்த போசன், அது தன் வேலை இல்லை என்று போய்விட்டார். கப்பல் தலைவர் ஓட்டும் அறையில் நின்றார். அந்தக் கப்பலின் அமைப்பில், அங்கிருந்து பார்த்தால் அணியத்துக் கதவு தெரியாது.

அப்படியானால் கதவு மூடியிருக்கிறது என்று கப்பல் தலைவர் எதை வைத்து நம்பினார்?

கம்பெனியின் நிலையான உத்தரவு ஒன்று இருந்தது. அதன் சாரம் இது: ஏதாவது குறை இருந்தால் ஒவ்வொரு பிரிவின் தலைவரும் கப்பல் தலைவரிடம் சொல்ல வேண்டும். அப்படி எந்த அறிக்கையும் வரவில்லை என்றால், கப்பல் எல்லா வகையிலும் தயார் என்று தலைவர் எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகளே, வகுப்பில் வருகைப் பதிவு எடுத்தது நினைவிருக்கிறதா? நான் பெயரைக் கூப்பிட, நீங்கள் ஒவ்வொருவராக 'உள்ளேன் ஐயா' என்று சொல்ல வேண்டும். நேரம் மிச்சமாகட்டும் என்று நான் ஒருநாள், "வராதவர்கள் எல்லாம் கையைத் தூக்குங்கள்" என்று சொல்லியிருந்தால்? யாரும் தூக்க மாட்டார்கள். எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று பதிவேட்டை மூடிவிடலாம்!

அந்தக் கப்பலில் நடந்தது இதுதான். தூங்குகிறவர் எழுந்துவந்து, 'நான் தூங்குகிறேன், கதவு திறந்திருக்கிறது' என்று சொன்னால்தான் தலைவருக்குத் தெரியும். மௌனத்தை 'எல்லாம் சரி' என்று பதிவு செய்யும் முறை. பேசாமல் இருப்பதையே அறிக்கையாக எண்ணும் முறை. எந்தச் சட்டமும் அன்று அதைத் தடுக்கவில்லை.

எழுதினார்கள், படிக்கவில்லை

இதோடு முடிந்திருந்தால் இது கவனக்குறைவின் கதை. அறிக்கையின் அடுத்த பகுதிதான் வருத்தம் தருவது.

1983 அக்டோபரில், அதே கம்பெனியின் 'பிரைடு' என்ற சகோதரிக் கப்பல் டோவரிலிருந்து கதவு திறந்தபடியே புறப்பட்டிருக்கிறது. காரணம்? அங்கேயும் துணைப் போசன் தூங்கிவிட்டார். ஆபத்து நேரவில்லை. அதுமட்டுமல்ல, 1987-க்கு முன் அந்தக் கம்பெனிக் கப்பல்கள் குறைந்தது ஐந்து முறை முன்கதவோ பின்கதவோ திறந்தபடி கடலுக்குப் போயிருக்கின்றன. சில சம்பவங்கள் மேலிடத்துக்குத் தெரியும். மற்றக் கப்பல்களின் தலைவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதே கம்பெனியில் அதே வேலை பார்க்கும் ஒரு கப்பல் தலைவருக்கு, பக்கத்துக் கப்பலில் நடந்தது தெரியாது.

1985 ஜூனில் 'பிரைடு' கப்பலின் தலைவர் ஒருவர் நிர்வாகத்துக்குக் குறிப்பு எழுதினார். கதவு மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று ஓட்டும் அறையில் காட்டும் விளக்கு ஒன்று வைத்துத் தாருங்கள் என்று கேட்டார். அந்தக் காகிதம் அலுவலகத்தில் சுற்றியது. மேலாளர்கள் ஓரத்தில் எழுதிய குறிப்புகள் விசாரணையில் வெளிவந்தன. அந்த ஊழியர் விழித்திருக்கிறாரா, போதையில் இல்லாமல் இருக்கிறாரா என்று காட்டவும் விளக்கு வேண்டுமா என்று ஒருவர் கிண்டலாக எழுதியிருந்தார். அதற்குத்தான் ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிறோமே என்று இன்னொருவர்.

தண்ணீரை வேகமாக வெளியேற்ற சக்தி வாய்ந்த பம்பு வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். விலை 25,000 பவுண்டு. அதிகம் என்று பதில்.

விபத்து நடந்து சில நாட்களிலேயே, மிச்சமிருந்த சகோதரிக் கப்பல்களில் அந்த விளக்கைப் பொருத்தினார்கள். அவ்வளவு எளிதான வேலை அது.

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். டைட்டானிக் காலத்துச் சட்டம் சொல்லும் கடமையை விதித்தது. ஹெரால்டு கம்பெனியின் கப்பல் தலைவர்கள் அந்தக் கடமையைச் செய்தார்கள். கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் கேட்க வேண்டியவர்களுக்கு எந்தச் சட்டக் கடமையும் இல்லை. அறிக்கை எழுதாதவரைக் கேள்வி கேட்கலாம். அறிக்கையை வாங்கி ஓரத்தில் கிண்டல் எழுதி வைத்தவரை?

நீதிமன்றம் எங்கே தடுமாறியது

விசாரணை நடத்தியவர் நீதிபதி ஷீன். 1987 ஜூலையில் அறிக்கை வந்தது. கப்பலில் இருந்த மூவரின் தவறுகளையும் தெளிவாகச் சொன்னார். கப்பல் தலைவரின் சான்றிதழ் ஓராண்டுக்கும், முதன்மை அதிகாரியின் சான்றிதழ் இரண்டாண்டுக்கும் நிறுத்தப்பட்டன. அதோடு அவர் நிறுத்தவில்லை. மேலிருந்து கீழ் வரை அந்த நிறுவனம் முழுவதிலும் அசட்டை என்ற நோய் பரவியிருந்தது என்று எழுதினார். நம் கப்பல்களின் பாதுகாப்புக்கு என்ன உத்தரவு போட வேண்டும் என்று இயக்குநர்கள் யோசிக்கவே இல்லை என்றார். கரையில் உட்கார்ந்திருப்பவர்களின் பொறுப்பைக் கப்பல் விபத்து விசாரணை ஒன்று இவ்வளவு நேரடியாகப் பேசியது பெரிய திருப்பம்.

அடுத்து குற்ற வழக்கு. கம்பெனி மீதும் ஏழு தனிநபர்கள் மீதும் உயிரிழப்புக்குக் காரணமான குற்றம் சாட்டப்பட்டது. ஒரு கம்பெனி மீது இப்படி வழக்கு நடத்தலாம் என்பதை நீதிமன்றம் ஏற்றது. அதுவே புதுமை. ஆனால் 1990-ல் வழக்கு பாதியில் விழுந்தது. கம்பெனியைத் தண்டிக்க வேண்டுமானால், அதன் மூளையாக இருக்கும் உயர் அதிகாரி ஒருவரே தனியாகப் பெரும் அலட்சியம் செய்ததாக நிரூபிக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். இங்கே ஒருவர் கொஞ்சம், அங்கே ஒருவர் கொஞ்சம் என்று பத்துப் பேரின் அலட்சியத்தைக் கூட்டிக் கணக்குப் போட முடியாது. ஒரு காகிதம் பல மேசைகளில் சுற்றினால், பொறுப்பும் பல துண்டாகச் சிதறி யார் கையிலும் இல்லாமல் போகிறது. இந்த ஓட்டையை அடைக்க பிரிட்டனுக்கு 2007 வரை ஆயிற்று. அந்த ஆண்டில்தான் நிறுவனங்களின் மேல் உயிரிழப்புக் குற்றம் சுமத்துவதற்கென்று தனிச் சட்டம் வந்தது.

இரண்டாவது விடை: கம்பெனி கேட்க வேண்டும்

கடல் சட்டம் அதற்கு முன்பே நகர்ந்துவிட்டது. 1993-ல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு ஒரு விதித்தொகுப்பை ஏற்றது. ஐ.எஸ்.எம். கோட் என்று கடல்காரப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வீர்கள். 1998 ஜூலை 1 முதல் பயணிக் கப்பல்களுக்கும் எண்ணெய்க் கப்பல்களுக்கும் கட்டாயம், 2002 ஜூலை 1 முதல் மற்ற சரக்குக் கப்பல்களுக்கும் கட்டாயம்.

உங்களில் பலருக்கு அது தடித்த கோப்புகளும் தணிக்கை நாள் தலைவலியுமாக இருக்கலாம். அதற்குள் இருக்கும் இரண்டு விதிகளை மட்டும் ஹெரால்டை நினைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.

ஒன்று, நான்காம் பிரிவு. ஒவ்வொரு கம்பெனியும் கரையில் ஒருவரை நியமிக்க வேண்டும். கப்பலுக்கும் கம்பெனிக்கும் அவர் இணைப்பு. கம்பெனியின் மிக உயர்ந்த மட்டத்தை அவர் நேரடியாக அணுக முடிய வேண்டும். இனி ஒரு கப்பல் தலைவரின் குறிப்பு நடுவில் இருக்கும் மேசைகளில் கிண்டலோடு நின்றுபோக முடியாது, அல்லது நின்றுபோனால் யார் பொறுப்பு என்று கேட்க முடியும்.

இரண்டு, ஒன்பதாம் பிரிவு. விதிக்கு மாறானவை, விபத்துகள், ஆபத்தான நிகழ்வுகள் எல்லாம் கம்பெனிக்கு அறிக்கை செய்யப்பட வேண்டும். அதோடு அவை ஆராயப்பட வேண்டும், திருத்த நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும். அறிக்கை வாங்கினால் மட்டும் போதாது, பதில் செயலாக இருக்க வேண்டும். 'பிரைடு' கப்பல் கதவு திறந்து போய் ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்ததே, அந்த மாதிரி நூலிழையில் தப்பியவற்றையும் எழுத வைப்பது இந்த விதிதான்.

சொல்லும் கடமை 1914-ல் வந்தது. கேட்கும் கடமை 1998-ல் வந்தது. நடுவே 84 ஆண்டுகள்.

மூன்றாவது விடை: நாடுகள் ஒன்றுக்கொன்று சொல்ல வேண்டும்

விதி எழுதப்பட்டு, கட்டாயமாவதற்கு முன் இருந்த இடைவெளியில் இன்னொரு பெருந்துயரம். 1994 செப்டம்பர் 28 அதிகாலை, பால்டிக் கடலில் 'எஸ்டோனியா' என்ற கப்பல். இங்கேயும் அணியம்தான். புயல் அலையில் முன்பக்க மூடியின் பூட்டுகள் உடைந்து, மூடி கழன்று விழுந்து, கார்த் தளத்தில் தண்ணீர் புகுந்தது. 852 பேர் இறந்தார்கள்.

1993 ஜனவரியில் 'டயானா 2' என்ற வேறு கப்பலில் அதே மாதிரி மூடியின் பூட்டு சேதமடைந்திருந்தது. வேறு சில கப்பல்களிலும் முன்மூடியில் கோளாறுகள் நடந்திருந்தன. அவற்றைத் திரட்டி எல்லோருக்கும் தெரிவித்து, ஓடிக்கொண்டிருக்கும் கப்பல்களைச் சரிசெய்யும் முறையான ஏற்பாடு இல்லை. ஹெரால்டில் ஒரு கம்பெனிக்குள் நடந்ததே, இங்கே நாடுகளுக்கு இடையே நடந்தது. ஒருவர் கண்ட ஆபத்து இன்னொருவருக்குப் போய்ச் சேரவில்லை.

அதனால் அடுத்த கட்டமாக நாடுகளின் மேல் கடமை வந்தது. 2008-ல் விபத்து விசாரணை விதித்தொகுப்பு ஏற்கப்பட்டு, 2010 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று. மிகக் கடுமையான விபத்து ஒவ்வொன்றையும் கப்பல் எந்த நாட்டுக் கொடியோ அந்த நாடு விசாரித்து, அறிக்கையை உலகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

நம் கரையில்

நம் நாட்டிலும் சட்டம் இருந்தது. 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டத்தின் 358-ஆம் பிரிவு, எதெல்லாம் கப்பல் விபத்து என்று வரையறுத்தது. கப்பல் மூழ்குவது, கைவிடப்படுவது, தரை தட்டுவது, பெரிய சேதம் அடைவது, இன்னொரு கப்பலுக்குச் சேதம் விளைவிப்பது, உயிர் போவது. அப்போது கப்பல் பொறுப்பில் இருந்தவர் உடனே அரசு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். 2025-ல் நாடாளுமன்றம் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை இயற்றியிருக்கிறது. கடல்காரப் பிள்ளைகள் பழைய பிரிவு எண்களை வைத்துக்கொண்டு பேசாமல் புதியதைப் படித்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் சிந்தினால் மார்போல் ஒப்பந்தமும் சேர்கிறது. தாமதமின்றி, கிடைக்கும் மிக வேகமான வழியில், தெரிந்ததை முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் விதி.

இனி 2017 ஜனவரி 28 விடியற்காலையை நினைத்துப் பாருங்கள். எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, வெளியேறிக்கொண்டிருந்த 'பிடபிள்யூ மேப்பிள்' எரிவாயுக் கப்பலும் உள்ளே வந்துகொண்டிருந்த 'டான் காஞ்சிபுரம்' கப்பலும் மோதின. அன்று வெளிவந்த துறைமுக அறிவிப்பு, யாருக்கும் காயமில்லை, எண்ணெய் மாசு போன்ற பாதிப்பு இல்லை என்றது. பிறகு எர்ணாவூர்க் கரையில் தார் போல எண்ணெய் ஒதுங்கியது. மெரினாவைத் தாண்டியும் போனது. மீனவர்களும் மாணவர்களும் வாளியில் அள்ளிய படங்களை நீங்களே பகிர்ந்தீர்கள்.

யார் எப்போது என்ன அறிந்தார்கள் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. வரலாற்று ஆசிரியனாக ஒன்று மட்டும் சொல்வேன். கடலில் சிந்திய எண்ணெய்க்கு எதிராகக் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் முதல் சில மணி நேரம்தான். மிதவைத் தடுப்பு போடுவதும் உறிஞ்சி எடுப்பதும் அப்போதுதான் முடியும். 'ஒன்றுமில்லை' என்ற வார்த்தை அந்த நேரத்தைத் தின்றுவிடும். அதன் பிறகு மிச்சமிருப்பது வாளி.

சொன்னால் நான் மாட்டிக்கொள்வேனா?

கடலில் இருக்கும் பிள்ளைகள் போனில் என்னிடம் கேட்பது இதைத்தான். நியாயமான பயம். 2007 டிசம்பரில் தென் கொரியக் கடலில் நங்கூரமிட்டு நின்றிருந்த 'ஹெபெய் ஸ்பிரிட்' எண்ணெய்க் கப்பல் மீது, இழுவைக் கயிறு அறுந்து வந்த கிரேன் தோணி மோதியது. சுமார் 10,800 டன் எண்ணெய் சிந்தியது. அந்தக் கப்பலின் இந்தியத் தலைவரும் முதன்மை அதிகாரியும் சுமார் ஒன்றரை ஆண்டு நாடு திரும்ப முடியவில்லை. முதல் நீதிமன்றம் விடுவித்தது, மேல்முறையீட்டில் தண்டனை, கடைசியில் உச்ச நீதிமன்றம் அந்தச் சிறைத் தண்டனையை நீக்கியது. நங்கூரத்தில் நின்ற கப்பலுக்கே இந்த நிலை என்றால், வாயைத் திறக்கலாமா என்று இளைஞர்கள் யோசிப்பதில் ஆச்சரியமில்லை.

இதனால்தான் 2008 விதித்தொகுப்பு, பாதுகாப்பு விசாரணையின் நோக்கம் பழி சுமத்துவது அல்ல என்று தெளிவாகச் சொல்கிறது. குற்ற வழக்கு வேறு, பாடம் கற்கும் விசாரணை வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் யாரும் உண்மை பேச மாட்டார்கள். காகிதத்தில் இருக்கும் அந்தக் கோடு எல்லாத் துறைமுகத்திலும் மதிக்கப்படுகிறது என்று உங்களுக்கு நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனாலும் சில வார்த்தைகள் சொல்கிறேன்.

நடந்ததை நடந்தபடி, நேரத்தோடு, அன்றே எழுதுங்கள். எழுதியதற்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கரையில் நியமிக்கப்பட்ட அந்த ஒருவரின் பெயரும் எண்ணும் கப்பலில் ஒட்டியிருக்கும், அது சுவர் அலங்காரத்துக்கு அல்ல. மாதத்துக்கு இத்தனை என்று எண்ணிக்கைக்காக 'ஏணியில் எண்ணெய் இருந்தது, துடைத்தோம்' என்று நிரப்பாதீர்கள். பொய் அறிக்கைகளின் குவியலில் உண்மையான ஒன்று தொலைந்துபோகும். கீழே வேலை செய்கிறவர் 'எல்லாம் ஓகே சார்' என்று சொல்லாவிட்டால், ஓகே இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடலுக்குப் போகாதவர்களுக்கும் இது பொருந்தும். உங்களில் மருத்துவமனையில் செவிலியர் இருக்கிறீர்கள், பட்டாசு ஆலையில் மேற்பார்வையாளர் இருக்கிறீர்கள், பள்ளி நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். இன்று பலர் மேசைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டீர்கள். குறிப்பு எழுதும் இடத்திலிருந்து குறிப்பைப் படிக்கும் இடத்துக்கு. அதனால் சட்டத்தின் இரண்டாம் பாதிதான் உங்களுக்கு முக்கியம். கீழே இருந்து ஒரு காகிதம் வரும். அதில் எழுத்துப்பிழை இருக்கும், எரிச்சலான நேரத்தில் வரும், கேட்பது ஒரு சின்ன விளக்காக இருக்கும். அதன் ஓரத்தில் நீங்கள் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கடலில் இருக்கும் என் பிள்ளைகள் பத்திரமாகக் கரை சேர வாழ்த்துகள். படித்து முடித்தவர்கள் 'உள்ளேன் ஐயா' என்று ஒரு வரி போடுங்கள். மௌனமாக இருப்பவர்களைப் படித்ததாக எடுத்துக்கொள்ள மாட்டேன்!

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர் (ஓய்வு)